தானே தட்டும் விசைகள்

வெள்ளி விழா இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை



வெள்ளி விழா மேடையில் பேசுவதற்கு எத்தனையோ பொருள்கள் இருக்க, கணினியில் ஒரு நிரல் மற்றொரு நிரலின் விசைகளைத் தட்டுவதைப் பற்றி நாம் பேச வந்திருப்பது பெரியவர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் படிப்பை முடித்துவிட்டு முதன்முதலில் சென்று அமரும் இடம் ஒரு கணினித் திரையின் முன்புதான். ஒருவர் ஒப்பந்த நிறுவனமொன்றில் வங்கிப் படிவங்களைப் பதிவு செய்கிறார். இன்னொருவர் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் இரசீதுகளை ஏற்றுகிறார். கல்லூரி அலுவலகத்தில் மாணவர் விவரங்களைப் பதிகிறவரும் உண்டு. ஓரிடத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து இன்னோரிடத்தில் தட்டுவதே இவர்கள் எல்லோருடைய வேலையும்.

முந்தைய தலைமுறையில் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்து, லோயர், ஹையர் என்ற இரண்டு தேர்வுகளையும் முடித்துச் சான்றிதழைக் கையில் வாங்கியவருக்கு அலுவலகக் கதவு ஓரளவேனும் திறந்தது. இங்கு அமர்ந்திருக்கும் பல குடும்பங்களில் முதல் மாதச் சம்பளம் என்பது அப்படி வந்ததுதான். விரைவாகவும் பிழையின்றியும் தட்டும் விரல்களுக்கு மதிப்பிருந்தது. அவ்விரல்களின் வேலையை இன்று ஒரு சிறு நிரலிடம் ஒப்படைக்க இயலும் என்பதை, நம் இளைஞர்கள் என்றோ ஒருநாள் அலுவலகத்தில் திடீரெனக் கேள்விப்படுவதைவிட இம்மன்றத்தில் இன்றே அறிந்துகொள்வது நன்று. அந்நிரல் எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே இடறுகிறது, அதை எழுதுகிறவர் யாராக இருக்க வேண்டும் என்பவற்றை நமக்குத் தெரிந்த அளவில் சொல்ல முயல்வோம்.

விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்துகிறோம். உடனே திரையில் எழுத்துத் தோன்றுகிறது. இடையில் நடப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்ன விசை அழுந்தியது என்று விசைப்பலகை ஓர் எண்ணைக் கணினிக்குள் அனுப்புகிறது. விரலை எடுத்ததும், இன்ன விசை விடுபட்டது என்று மறுபடியும் ஒரு செய்தி செல்கிறது. விண்டோஸ் போன்ற இயக்க முறைமை இச்செய்திகளை வந்த வரிசையில் நிறுத்தி, அந்நேரத்தில் எந்தச் சாளரம் முன்னே நிற்கிறதோ அதனிடம் ஒப்படைக்கிறது. வாசலில் நிற்பவர் யாராயினும் அவர் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் தபால்காரரைப் போன்றது அது. கடிதத்தைப் பெற்ற மென்பொருளும், இதனை உண்மையில் ஒரு விரல் அழுத்தியதா என்று விசாரிப்பதில்லை.

இந்த இடத்தில்தான் வழி திறக்கிறது. விண்டோஸில் செண்ட்இன்புட் என்றொரு கட்டளை உண்டு. அதன்மூலம் எந்த நிரலும் அவ்வரிசையில் தன் செய்திகளைச் செருகலாம். டேப் விசை அழுந்தியது, விடுபட்டது. எண்டர் விசை அழுந்தியது, விடுபட்டது என்று அது எழுதிக்கொடுத்தால், முன்னே நிற்கும் மென்பொருள் உண்மையான விரல் தட்டியதைப் போலவே நடந்துகொள்ளும். அழுந்தியதைச் சொல்லி விடுபட்டதைச் சொல்ல மறந்தால் ஷிஃப்ட் விசை அழுந்தியபடியே கிடக்கும். அதன்பின் வருவதெல்லாம் பெரிய எழுத்தாக விழும். புதிதாகப் பழகுகிறவர் இதைக் கண்டு விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று எண்ணுவதும் உண்டு. மவுஸ் என்னும் சுட்டிக்கும் இதே முறைதான். திரையின் அகலம் எத்தனை புள்ளிகளாக இருந்தாலும், இடக்கோடியை 0 என்றும் வலக்கோடியை 65535 என்றும் கொண்டு, இந்த இடத்திற்குச் செல், அழுத்து, விடு என்று சொல்லிவிடலாம்.

இது ஏதோ வெளிநாட்டார் வித்தை என்று எண்ண வேண்டா. கணினியில் தமிழில் தட்டுகிறவர்கள் பலரும் இதனை அறியாமலே நாள்தோறும் பயன்படுத்தி வருகின்றனர். 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருப்பெற்ற தமிழ்99 விசைப்பலகை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆங்கில எச் என்று பொறித்த விசையைத் தட்டினால் ககரம் வரும். அடுத்து கியூ என்று பொறித்த விசையைத் தட்டினால் அது ‘கா’ ஆகும். விசைப்பலகை அனுப்பியது என்னவோ ஆங்கில எழுத்துக்குரிய செய்திதான். இடையில் நிற்கும் தமிழ் எழுதி அதனை வழிமறித்து விழுங்கிவிட்டு, அதற்குப் பதிலாகத் தமிழ் எழுத்தை முன்னே நிற்கும் சாளரத்திற்கு அனுப்புகிறது. இத்தகைய எழுதிகளில் பல, விசையை வழிமறித்தும் விசையைத் தாமே தட்டியுமே நம் மொழியைத் திரைக்குக் கொண்டுவந்தன. தமிழை அறியாமல் எழுதப்பட்ட மென்பொருளிலும் தமிழை எழுத முடிந்தது இதனால்தான்.

இக்கருத்தின் பிறப்பும் சுவையானது. ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டாஷ் கணினி 1984 சனவரியில் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அதனை உருவாக்கியவர்களுக்கு ஒரு கவலை. கணினியின் நினைவகம் 128 கிலோபைட்டு மட்டுமே. அதற்குள் மென்பொருள் நிலைகுலையாமல் ஓடுகிறதா என்று எப்படிச் சோதிப்பது? நடந்த செயல்களைப் பதிவு செய்து மீண்டும் நடத்திக் காட்டும் ஏற்பாடு ஒன்று அக்கணினியில் முன்னரே இருந்தது. ஸ்டீவ் காப்ஸ் என்னும் நிரலர் அவ்வழியே தாறுமாறான விசைத் தட்டல்களையும் சுட்டி அசைவுகளையும் செலுத்தும் ஒரு சிறு நிரலை எழுதினார். கோபங்கொண்ட குரங்கொன்று கணினியின் முன் அமர்ந்தது போலிருந்ததால் அதற்குக் குரங்கு என்றே பெயர் வந்தது. ஒரு தொல்லை நேர்ந்தது. எதையெதையோ அழுத்திக்கொண்டே போகும் குரங்கு, சிறிது நேரத்தில் வெளியேறு என்னும் கட்டளையையும் அழுத்திவிடும், சோதனை முடிந்துவிடும். ஆகவே குரங்கு வேலையில் இருக்கிறது என்பதற்கு நினைவகத்தில் ஓர் அடையாளம் வைத்தனர். அவ்வடையாளத்தைக் கண்டால் மென்பொருள் வெளியேறும் கட்டளையைப் பொருட்படுத்தாது. தட்டுவது மனிதனா நிரலா என்று மென்பொருளுக்கே தெரிவிக்க வேண்டிய தேவை அன்றைக்கே வந்துவிட்டது.

அதன்பின் 1990 இல் வந்த விண்டோஸ் 3.0 இல் ரெக்கார்டர் என்றொரு கருவி இருந்தது. நாம் செய்வதைப் பதிவு செய்து, பின்னர் அப்படியே திரும்பச் செய்யும். 1999 இல் ஆட்டோஇட், 2003 இல் ஆட்டோஹாட்கீ ஆகிய இலவசக் கருவிகள் வந்தன. பைத்தான் மொழி கற்றவர்களுக்குப் பைஆட்டோஜியூஐ உள்ளது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2021 இல் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப் என்பதனை விண்டோஸ் 10 வைத்திருப்போருக்குக் கட்டணமின்றி வழங்கியது. பெயர்கள் எத்தனை ஆயினும் உள்ளே நடப்பது நாம் மேலே சொன்னதே.

இனி ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு கல்லூரி அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்வி உதவித்தொகை பெறும் 600 மாணவர்களின் பட்டியல் எக்செல் கோப்பில் உள்ளது. அதனை அலுவலகத்திலுள்ள பழைய மென்பொருள் ஒன்றில் ஏற்ற வேண்டும். அம்மென்பொருளை எழுதித் தந்தவர் எங்கோ போய்விட்டார். கோப்பை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் வசதி அதில் இல்லை. பதிவெண், பெயர், தந்தை பெயர், படிப்பு, வங்கிக் கணக்கு எண் என்று ஒவ்வொருவருக்கும் 12 கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒருவருக்கு 3 நிமிடம் என்றால் 600 பேருக்கு 30 மணி நேரம். ஏறக்குறைய நான்கு வேலை நாள்கள். நிரல் ஒன்று ஒருவருக்கு 20 நொடி எடுத்துக்கொண்டால் 3 மணி 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இவ்வளவில் நின்றுவிட்டால் இது விளம்பரப் பேச்சாகிவிடும். நிரல் எவ்வாறு தவறும் என்பதைப் பார்ப்போம். எக்செல் பட்டியலில் ஒரு வரிசையை நகலெடுக்கிறது, நகலெடுத்தது கிளிப்போர்டு என்னும் தற்காலிக இடத்தில் தங்குகிறது, அங்கிருந்து எடுத்துப் பழைய மென்பொருளின் கட்டங்களில் தட்டுகிறது, சேமிக்கிறது, அடுத்த வரிசைக்குச் செல்கிறது. 211 ஆம் மாணவர் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. 212 ஆவது வரிசையை நகலெடுக்கும் நொடியில் எக்செல் தன் கோப்பைச் சேமித்துக்கொண்டிருந்தது. நகலெடு என்ற கட்டளை அதன் காதில் விழவில்லை. கிளிப்போர்டில் இருப்பது 211 ஆமவரின் விவரமே. நிரல் அதனை மறுபடியும் தட்டிச் சேமித்துவிட்டு 213 க்குச் சென்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. மாலையில் எண்ணிப் பார்த்தால் 600 பதிவுகள் சரியாக உள்ளன. ஆனால் ஒருவர் இரண்டு முறை இருக்கிறார். ஒரு மாணவி இல்லவே இல்லை. உதவித்தொகை வரவில்லை என்று அம்மாணவி இரண்டு மாதம் கழித்து அலுவலகத்திற்கு வந்து நின்றால், கணினியில் பெயரில்லை அம்மா என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெண் யார் வீட்டுப் பெண்ணாக இருப்பாள் என்பதை இந்த அவையில் நாம் விளக்க வேண்டியதில்லை.

கையால் தட்டுகிற ஒருவர் இப்பிழையைச் செய்திருக்க மாட்டார். இப்பெயரைச் சற்றுமுன்தானே தட்டினோம் என்று அவர் விரல் நின்றிருக்கும். நிரலுக்கு அந்த நினைவு இல்லை. நாம் எழுதிக்கொடுத்தால் மட்டுமே உண்டு. தீர்வு கடினமன்று. ஒவ்வொரு முறையும் நகலெடுக்குமுன் கிளிப்போர்டைக் காலியாக்கிவிட்டு, அதில் ஏதேனும் வந்து சேரும்வரை காத்திரு என்று எழுத வேண்டும். ஆட்டோஹாட்கீயில் இதற்கென்றே கிளிப்வெயிட் என்றொரு கட்டளை உள்ளது. குறிப்பிட்ட நேரத்திற்குள் எதுவும் வரவில்லையென்றால் நிரல் நின்றுவிட வேண்டும். இதைவிட நல்ல வழி, எக்செல் திரையை நாடாமல், பட்டியலைச் சாதாரண உரைக் கோப்பாகச் சேமித்து, நிரல் அதனை நேரே படிக்கும்படி செய்வது. வேலை முடிந்தபின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிறைவடையக் கூடாது. பழைய மென்பொருளிலிருந்து பதிவெண் பட்டியலை எடுத்து, மூலப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பெயரைக் கொண்டு ஒப்பிட வேண்டா, க. முருகன் ஓரிடத்தில் முருகன் க. என்றிருப்பார், ஒரே வகுப்பில் இரண்டு முருகன்கள் இருப்பர். இதெல்லாம் பதிவேட்டோடு பழகியவருக்குத் தெரியும். நிரல் மட்டும் கற்றவருக்குத் தெரியாது.

காத்திருப்பதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இக்கலையில் பாதி அதுவே. புதிதாக எழுதுகிறவர் ஒவ்வொரு படிக்கும் பிறகு 2 நொடி நில் என்று எழுதிவிடுவார். காலையில் கணினி விரைவாக இருக்கும்போது அந்த 2 நொடி வீண். மதியம் வலையமைப்பு மந்தமாகும்போது அதே 2 நொடி போதாது. அடுத்த சாளரம் திறக்குமுன்பே விசைகள் பறக்கத் தொடங்கிவிடும். வாசலில் வேறு யாரோ நிற்க, தபால்காரர் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிடுவார். ஆகவே நேரத்தைக் கணக்கிட்டு நிற்பதை விடுத்து, இன்ன தலைப்புடைய சாளரம் முன்னே வந்து நிற்கும்வரை காத்திரு என்று எழுதுவதே முறை. ஆட்டோஇட் கருவியிலும் ஆட்டோஹாட்கீயிலும் இதற்கான கட்டளைகள் தொடக்கக் காலத்திலிருந்தே உள்ளன.

அடுத்தது இடம். சேமி என்னும் பொத்தான் திரையில் இடமிருந்து 840 ஆவது புள்ளியிலும் மேலிருந்து 612 ஆவது புள்ளியிலும் இருக்கிறது என்று அளந்து எழுதிவிட்டால், அந்தக் கணினியில் அன்றைக்கு அது வேலை செய்யும். 1366க்கு 768 என்னும் அளவுள்ள மடிக்கணினியில் எழுதியதை 1920க்கு 1080 அளவுள்ள திரையில் ஓட்டினால் பொத்தான் வேறெங்கோ இருக்கும். கண் சரியாகத் தெரியாத அலுவலர் ஒருவர் எழுத்துகளை 125 விழுக்காடு பெரிதாக்கி வைத்திருந்தால் எல்லாமே இடம் மாறிவிடும். கண்ணைக் கட்டிக்கொண்டு உறியடிக்கிறவர் பானை தொங்குவதாக நினைக்கும் இடத்தில் கம்பை வீசுவதைப் போன்றதே இது. உறியடியில் குறி தவறினால் ஊர் சிரிக்கும். கணக்கு மென்பொருளில் குறி தவறி, சேமி என்பதற்கு அருகிலுள்ள நீக்கு என்பதில் விழுந்தால் சிரிக்க முடியாது.

இதற்கு இருவகைத் தீர்வுகள் வந்துள்ளன. பொத்தானின் படத்தையே நிரலுக்குக் கொடுத்து, திரையில் இப்படம் எங்கே தெரிகிறது என்று தேடச் சொல்வது ஒன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து 2009 இல் வெளிவந்த சிக்குலி இவ்வகையைச் சேர்ந்தது. மற்றொன்று, பொத்தானைப் பெயர் சொல்லி அழைப்பது. இவ்வழி தோன்றிய வரலாற்றை நம் இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும் என விரும்புகிறோம். பார்வையற்றோர்க்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. அவை வேலை செய்ய வேண்டுமாயின், இது பொத்தான், இதன் பெயர் சேமி, இது இப்போது அழுத்தத்தக்க நிலையில் உள்ளது என்று ஒவ்வொரு மென்பொருளும் தன்னைப் பற்றித் தானே அறிவிக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் 1997 இல் கொண்டுவந்தது. பின்னர் யூஐ ஆட்டோமேஷன் என்னும் பெயரில் விரிவாக்கியது. பார்வையற்றோர்க்காகப் போட்ட அப்பாதையில்தான் இன்று வங்கிகளின் தானியங்கி நிரல்களும் நடக்கின்றன. யாருடைய தேவைக்காக ஒரு வழி அமைக்கப்பட்டது என்பதை, அவ்வழியில் பின்னர் நடப்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். 2006 முதல் உருவாகி வரும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பி கட்டணமின்றிக் கிடைக்கிறது. நம் சங்கத்துக் கணினி அறையில் அது ஒரு கணினியிலேனும் இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், விசை தட்டும் நிரல் என்பது கடைசி வழி என்றும் சொல்லியாக வேண்டும். வாசற்கதவு திறந்திருக்கும்போது சன்னல் வழியே ஏறிக் குதிப்பார் இல்லை. டாலி படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அதில் எக்ஸ்எம்எல் கோப்பின் வழியாக விவரங்களை மொத்தமாக ஏற்ற இயலும். எக்செல் கோப்பை விசையே தட்டாமல் நிரலாலேயே திறந்து படிக்கலாம். அத்தகைய வாசல் உள்ளதா என்று ஒருநாள் முழுவதும் தேடினாலும் தவறில்லை. இல்லையென்று உறுதியானபின் விசைக்கு வாருங்கள்.

வந்தபின் சில பாதுகாப்புகள் வேண்டும். முதலில் நிறுத்தும் வழி. பைஆட்டோஜியூஐ கருவியில், சுட்டியைத் திரையின் இடப்புற மேல்மூலைக்கு இழுத்துச் சென்றால் நிரல் நின்றுவிடும். ஆட்டோஹாட்கீயில் ஏதேனும் ஒரு விசையை நிறுத்த விசையாக நாமே வைத்துக்கொள்ளலாம். நிறுத்தும் வழியை எழுதாமல் நிரலை ஓட்டுவது தடை இல்லாத மிதிவண்டியில் மேட்டிலிருந்து இறங்குவதற்கு ஒப்பாகும். நிரல் செய்தது ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். 212 இல் என்ன நடந்தது என்று பின்னர் கேட்டால் விடை அதில் இருக்கும். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைக்கக் கூடாது. நிரல் ஓடும்போது திரை பூட்டிக்கொண்டால் விசைகள் உரிய மென்பொருளைச் சென்று சேரா. ஆகவே தேநீர் குடிக்கச் செல்வதற்குமுன் இதனை எண்ணிப் பார்க்கவும்.

சில கதவுகளை இயக்க முறைமையே மூடி வைத்திருக்கிறது, அது நன்மைக்கே. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சாதாரண நிரல் ஒன்று தட்டினால் விண்டோஸ் ஏற்பதில்லை. கடவுச்சொல் கேட்கும் திரையைப் போலியாகக் காட்டி ஏமாற்றுவோரைத் தடுக்கவே இவ்வேற்பாடு. விஸ்டா பதிப்பிலிருந்து, குறைந்த அதிகாரமுள்ள நிரல் உயர்ந்த அதிகாரத்தோடு ஓடும் நிரலின் விசைகளைத் தட்டவும் இயலாது. லினக்ஸில் வேலாண்டு என்னும் புதிய திரை முறையில் ஒரு நிரல் மற்றொன்றின் விசையைத் தொடுவது இன்னும் கடினம். பழைய எக்ஸ் முறையில் எளிதாக ஓடியவை அங்கே ஓடா.

சட்டம் மூடியிருக்கும் கதவும் உண்டு. இரயில்வேயின் தட்கல் பயணச்சீட்டு விற்பனை தொடங்கிய சில நொடிகளில் படிவத்தைத் தானே நிரப்பும் நிரல்களைக் கொண்டு சீட்டுகளை அள்ளி, கூடுதல் விலைக்கு விற்றவர்கள் கைதானதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். 1989 ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 143 ஆம் பிரிவின்படி, அனுமதியின்றிப் பயணச்சீட்டு வாங்கி விற்கும் தொழிலுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இணையவழிச் சீட்டுக்கும் அப்பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 சனவரியில் தீர்ப்பளித்தது. பிறருடைய கடவுச்சொல்லைக் கொண்டு நேர்மையற்ற முறையில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். வழக்கு என்று வந்தால், நிரலை எழுதச் சொன்னவர் தப்பிக்கொள்வார். எழுதிய பையன் அகப்படுவான். நம் பிள்ளைகளுக்கு அப்படி நேரக் கூடாது. கணினியும் கணக்கும் யாருடையவையோ அவருடைய எழுத்து மூலமான ஒப்புதலைக் கேட்டு வாங்குங்கள்.

இனி வேலையைப் பற்றிய பேச்சு. நாற்பது பேர் தட்டிக்கொண்டிருந்த இடத்தில் நான்கு பேர் போதும் என்றால் மற்ற முப்பத்தாறு பேரின் கதி என்ன என்று பெரியவர்கள் கேட்பது நியாயம். அந்த வேலைகள் அப்படியே நிலைத்திருக்கும் என்று நாம் ஆறுதல் சொல்லப்போவதில்லை. இங்கிலாந்தில் 2001 இல் தொடங்கிய புளூ பிரிசம், ருமேனியாவில் 2005 இல் தொடங்கிய யூஐபாத் ஆகிய நிறுவனங்கள் இதனையே பெருந்தொழிலாக வளர்த்தன. 2024 முதல், திரையின் படத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்து சுட்டியை நகர்த்தும் மொழி மாதிரிகளும் வந்துள்ளன. அவையும் தவறான பொத்தானை அழுத்துகின்றன. இப்போதைக்கு அவற்றுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. பார்த்துப் பார்த்துத் தட்டும் வேலை நாளுக்கு நாள் சுருங்கும் என்பதே நம் கணிப்பு.

நாம் சொல்ல வருவது வேறு. மேற்சொன்ன 212 ஆம் மாணவியின் கதையை எண்ணிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் பிழை வரும், எந்த நேரத்தில் மென்பொருள் மந்தமாகும், எந்தச் செய்திப் பெட்டியைக் கண்டால் அஞ்ச வேண்டும், எதைக் கண்டால் எண்டர் தட்டிவிட்டுப் போகலாம் என்பவையெல்லாம் அத்திரையின் முன் ஓராண்டு அமர்ந்தவருக்கே தெரியும். வெளியூரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் ஆலோசகர் அவரிடம்தான் கேட்டு எழுதிக்கொள்கிறார். ஆலோசகருக்குச் சன்மானம், சொல்லிக்கொடுத்தவருக்கு வேலை போகிறது. அறிவு ஒருவரிடமும் கருவி மற்றொருவரிடமும் இருப்பதால் வரும் கேடு இது. அறிவுள்ளவர் கையிலேயே கருவியும் இருந்துவிட்டால் பேரம் பேசுவதற்கேனும் ஒரு பிடி கிடைக்கும்.

பிடி கிடைத்தாலும் எச்சரிக்கை வேண்டும். ஒப்பந்தப் பணியில் இருக்கும் ஒருவர் தாமே நிரல் எழுதி, எட்டு மணி நேர வேலையை இரண்டு மணியில் முடித்தால், மேலாளர் கூலியை உயர்த்துவார் என்று எண்ணிவிட வேண்டா. நாளைமுதல் நான்கு மடங்கு பதிவு செய் என்று சொல்வதே பெரும்பாலான இடங்களில் நடக்கக்கூடியது. அதற்காக ஒளித்து வைப்பதும் சரியன்று. தவறு நேர்ந்து பிடிபட்டால் மோசடி என்று பெயர் சூட்டிவிடுவர். இன்ன வேலைக்கு இன்ன நிரலை எழுதியுள்ளேன், இதன் சோதனை முடிவுகள் இவை என்று தேதியிட்டு எழுதிக் கொடுத்து, நகலொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிறுவனத்திற்கு நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது, தட்டச்சு வேகத்தைக் காட்டும் சான்றிதழைவிட அத்தாள் உதவும்.

கற்பதற்குப் பெரிய கணினி தேவையில்லை. 2011 இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினி வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். அதில் விண்டோஸ் ஓடினால் ஆட்டோஹாட்கீயும் ஓடும். முதல் பயிற்சியாக, நோட்பேடைத் திறந்து, அது முன்னே வந்து நிற்கும்வரை காத்திருந்து, உங்கள் ஊரின் பெயரைத் தமிழில் தட்டி, பின்னர் நோட்பேடை மூடும் நிரல் ஒன்றை எழுதுங்கள். பத்து வரிகளுக்கு மேல் ஆகாது. பழைய நோட்பேட் மூடும்போது, சேமிக்கவா என்று ஒரு பெட்டி கேட்கும். அதற்கான விடையையும் நிரலில் எழுதிவிடுங்கள். பிறகு அதே நிரலை விண்டோஸ் 11 உள்ள கணினியில் ஓட்டிப் பாருங்கள். அங்குள்ள புதிய நோட்பேட், நாம் அமைப்பை மாற்றாதவரை, அப்படிக் கேட்பதில்லை. எழுதியதைத் தானே நினைவில் வைத்துக்கொண்டு மூடிவிடுகிறது. வராத பெட்டிக்காக உங்கள் நிரல் காத்துக்கொண்டே நிற்கும். எத்தனை நொடி காத்திருந்தபின், இனி வராது என்று அது முடிவுசெய்ய வேண்டும், முடிவுசெய்தபின் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை எழுதி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கணினி அறைக்கு வாருங்கள்.